உள்ளிருந்தும் திறக்க வேண்டும்

குலசேகரன்பட்டினம் கரையில் இன்று ஃபைபர் படகுகள்தான் நிற்கின்றன. சரக்குத் தோணியைப் பார்க்க தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்குப் போக வேண்டும். முன்பு பாய் விரித்து ஓடிய தோணிகள் இப்போது எஞ்சினுடன் மாலத்தீவுக்குப் போகின்றன. பாயோ எஞ்சினோ, மேல்தட்டில் ஒரு திறப்பு உண்டு. சரக்கும் ஆளும் இறங்கும் அந்த வாயைத் துறைமுகத்தில் ‘ஹேட்ச்’ என்பார்கள்.

சொந்தமாகப் பாய்மரப் படகு கட்டுகிறவர் மிகவும் யோசித்துக் கை வைக்கும் இடமும் இதுதான். தட்டைத் தாங்கும் விட்டத்தை அறுத்தால், அறுபட்ட முனைகளைப் பக்கக் கட்டையில் சேர்த்துப் பூட்ட வேண்டும். மூலைகளை வளைவாக வெட்ட வேண்டும். கூர்மூலையில்தான் விரிசல் விழும். வெட்டிய ஓரத்துக்கு நீர் புகாத பூச்சு கொடுத்து, சுற்றிலும் விளிம்பு எழுப்ப வேண்டும். பெரிய கப்பல்களின் முன்பகுதியில் இந்த விளிம்பு 600 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்கிறது 1966ஆம் ஆண்டு சர்வதேச ஒப்பந்தம்.

இவை எல்லாம் தண்ணீரைத் தடுக்க. மனிதருக்கென்றும் ஒரு விதி இருக்கிறது. ஆழ்கடல் பந்தயப் படகின் முக்கிய வாயில், படகு தலைகீழாகக் கவிழ்ந்தாலும் வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் இயங்க வேண்டும்.

கீழே இருப்பவர் படகின் சொந்தக்காரர் என்றால் இப்படி விதி எழுதுகிறார்கள். கூலியாள் என்றால்?

இந்தக் கரைக்கு அந்தக் கேள்வி புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குக் கடல் கடந்தவர்களில் பெரும் பகுதியினர் பள்ளர், பறையர், சக்கிலியர் சமூகத்தவர். தூத்துக்குடியும் அவர்கள் கப்பலேறிய துறை. அருகே தட்டப்பாறையில் முகாம் இருந்தது. கங்காணியிடம் பட்ட கடன் ‘துண்டு’ச் சீட்டாக அவர்களைப் பின்தொடர்ந்தது. 1921இல் இலங்கை அரசு சட்டம் போட்டு அதை ஒழிக்கும்வரை, வெளியேறும் வழி உள்ளே இருந்தவர் கையில் இல்லை.

இன்றைய ஆபத்து காற்றில் இருக்கிறது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். மூடிக் கிடக்கும் கப்பல் அறையில் நிலக்கரியும் மரமும் துருப்பிடிக்கும் இரும்பும் அதை உறிஞ்சிவிடும். வாடை இருக்காது, இறங்கியவர் சுருண்டு விழுவார். அவரைத் தூக்கக் குதிப்பவரும் விழுவார். கரையில் பாதாளச் சாக்கடையிலும் மலக்குழியிலும் நடப்பதும் இதேபோலத்தான். அங்கே சாகிறவர்களில் பெரும்பாலோர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

பாதுகாப்புக் கருவியின்றிக் கழிவுநீர்க் குழிக்குள் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடைச் சாவுக்கு 2014இல் 10 லட்சமாக இருந்த இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சமாக்கியது. அந்தத் தீர்ப்பு சாக்கடைக்கானது; கப்பல் அறையில் மூச்சு நின்றவருக்கு அல்ல.

கேட்க வேண்டியவை சிலதான். காற்றை அளக்கும் கருவி, இடுப்பில் கயிறு, வாயருகே ஒரு காவலாள், ‘இறங்க மாட்டேன்’ என்பவரின் கூலி போகாது என்ற உறுதி. பந்தயப் படகுக்கு எழுதிய விதி கூலியாளுக்கும் வேண்டும்: மூடி உள்ளிருந்தும் திறக்க வேண்டும்.