வர்ணம் முடிஞ்சதும் மூச்சு இழுக்குதா? அது ஸ்டாமினா குறைச்சலா இல்லாமலும் இருக்கலாம்!

கடைசித் தீர்மானம் வரைக்கும் எல்லாம் சரியாத்தான் போச்சு. அரைமண்டி ஏறலை, தாளம் நழுவலை. கும்பிட்டுட்டு உள்ளே வந்து, கிரீன் ரூம் பிளாஸ்டிக் சேர்ல உட்கார்ந்த பிறகுதான் ஆரம்பிச்சது. நெஞ்சைச் சுத்தி யாரோ இன்னொரு ஒட்டியாணத்தை இறுக்கிக் கட்டின மாதிரி. மூச்சை உள்ளே இழுக்க முடியுது, வெளியே விடத்தான் முடியலை. விடும்போதெல்லாம் உள்ளேயிருந்து பூனைக்குட்டி கத்துற மாதிரி ஒரு விசில் சத்தம்.

"ஸ்டாமினா பத்தலைடி. நாளையிலேர்ந்து காலைல ஓடு" என்றார்கள் சுற்றி இருந்தவர்கள். எனக்கு அப்போ 17 வயசு. ஓடினேன். மார்கழி மாசம், காலை 5.30 மணி, பனியும் குப்பை எரிக்கிற புகையும் கலந்த தெருவில். ஒரே வாரத்தில் இருமல் நிற்காமல் போனது. வீட்டில் தயிரை நிறுத்தினார்கள், வாழைப்பழத்தை நிறுத்தினார்கள், ஃப்ரிட்ஜ் தண்ணீரை நிறுத்தினார்கள். கடைசியில் டான்ஸையே நிறுத்திடலாமா என்று பேச்சு வந்தபோதுதான் நுரையீரல் டாக்டரிடம் போனோம். ஒரு குழாயில் ஊதச் சொன்னார். டிரெட்மில்லில் ஓடவிட்டு, திரும்பத் திரும்ப ஊதச் சொன்னார். உடற்பயிற்சியால் கிளம்புகிற ஆஸ்துமா என்று ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பரதம் ஆடுறவங்க மட்டுமில்லை, ஜும்பா போறவங்க, காலேஜ் கல்ச்சுரல்ஸுக்கு மாங்கு மாங்குன்னு ரிகர்சல் பண்றவங்க என்று பல பேர் இதை 'ஃபிட்னஸ் இல்லை' என்று நினைத்துக்கொண்டே ஓட்டுகிறார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிஞ்சா பாதிப் பிரச்னை முடிஞ்சது.

உள்ளே என்னதான் நடக்குது?

சும்மா உட்கார்ந்திருக்கும்போது நமக்கு நிமிஷத்துக்கு சுமார் 6 லிட்டர் காற்று போதும். மூக்கு அதைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசியை வடிகட்டி உள்ளே அனுப்பிவிடும். மூன்றாம் காலத்தில் ஜதி ஆடும்போது தேவை பத்து மடங்குக்கு மேல் எகிறலாம். மூக்கால் சமாளிக்க முடியாது, வாய் தானாகத் திறந்துகொள்ளும். ஏசி ஹாலின் குளிர்ந்த, வறண்ட காற்று பதப்படாமலே உள்ளே இறங்கும். சுவாசக் குழாயின் உள்சுவர் ஈரத்தை இழக்கும். ஏற்கெனவே உணர்ச்சி அதிகமான குழாயாக இருந்தால், அங்கே இருக்கிற செல்கள் ஹிஸ்டமின், லூக்கோட்ரையீன் போன்ற பொருட்களை வெளியேற்றும். குழாயைச் சுற்றியுள்ள தசை சுருங்கிவிடும். விசில் சத்தம் வருவது அந்தக் குறுகலான வழியில் காற்று போகும்போதுதான்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், டைமிங். வெறும் ஃபிட்னஸ் குறைவு என்றால் ஆடும்போது மூச்சு வாங்கும், நிறுத்தினால் சில நிமிடங்களில் அடங்கிவிடும். ஆஸ்துமா அப்படியில்லை. பெரும்பாலும் ஆட்டத்தை நிறுத்திய பிறகு, 5 முதல் 20 நிமிடங்களுக்குள்தான் உச்சத்துக்குப் போகும். முழுசாக அடங்க அரை மணி நேரம், சில சமயம் ஒன்றரை மணி நேரம்கூட ஆகலாம். மேடையில் நல்லா ஆடிட்டு கிரீன் ரூமில் நான் மாட்டிக்கொண்டது இதனால்தான். சிலருக்கு விசிலே வராது, ஆடி முடித்ததும் வறட்டு இருமல் மட்டும் வரும். 'தொண்டை காய்ஞ்சிருச்சு' என்று தண்ணீர் குடித்துவிட்டு விட்டுவிடுவார்கள்.

இன்னொரு ஆள்மாறாட்டமும் உண்டு. ஆட்டத்தின் உச்சத்திலேயே, மூச்சை உள்ளே இழுக்கும்போது தொண்டையில் அடைப்பும் சத்தமும் வந்து, நிறுத்தியதும் சில நிமிடங்களில் சரியாகிறது என்றால், அது நுரையீரல் இல்லாமல் குரல்வளை சுருங்குவதாக இருக்கலாம். அதற்கு இன்ஹேலர் வேலை செய்யாது, பேச்சு - மூச்சுப் பயிற்சிதான் சிகிச்சை. இரண்டும் சேர்ந்து இருப்பவர்களும் உண்டு. அதனால்தான் பக்கத்து வீட்டு அக்காவின் இன்ஹேலரை வாங்கி அடித்துப் பார்த்து முடிவு பண்ணாதீங்க.

சரியான வழி, ஸ்பைரோமெட்ரி. முதல் விநாடியில் எவ்வளவு காற்றை ஊதித் தள்ளுகிறீர்கள் என்று அளப்பார்கள். 6 முதல் 8 நிமிடம் கடுமையாக ஓடவிட்டு மறுபடி அளப்பார்கள். 3 லிட்டர் ஊதியவர் 2.7 லிட்டருக்கோ அதற்குக் கீழேயோ இறங்கினால், அதாவது 10 சதவிகிதம் விழுந்தால், சந்தேகம் உறுதியாகும். உட்கார்ந்த இடத்தில் ஒரே ஒரு தடவை ஊதிப் பார்த்து 'நார்மல்' என்று வந்தால் அதோடு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். எனக்கும் முதல் தடவை நார்மல்தான்.

இன்ஹேலர் பழகிடுமா?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத சித்தியே கிடையாது. பழகாது. சால்பூட்டமால் மாத்திரை ஒன்றில் 2 அல்லது 4 மில்லிகிராம் மருந்து இருக்கும். இன்ஹேலரில் ஒரு பஃப் என்பது 100 மைக்ரோகிராம். அதாவது மாத்திரையில் இருபதில் ஒரு பங்கு, நாற்பதில் ஒரு பங்கு. அதுவும் நேராக நுரையீரலுக்கே போகிறது. மாத்திரையை நிம்மதியாக விழுங்கிவிட்டு இன்ஹேலரைப் பார்த்துப் பயப்படுவது நம்ம ஊர் விசித்திரம்.

ஆனால் ஒன்று. ஆடுவதற்கு 15 நிமிடம் முன்னால் நிவாரண இன்ஹேலர் எடுப்பது பொதுவாகச் சொல்லப்படும் வழி. அதையே தினமும் நம்பிக்கொண்டிருந்தால் அதன் பாதுகாப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், அடியில் இருக்கிற அழற்சியும் அப்படியே இருக்கும். 2019 முதல் உலக ஆஸ்துமா வழிகாட்டி அமைப்பான 'ஜீனா', இந்த நிவாரணியை மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டாம், ஸ்டீராய்டு இன்ஹேலரும் சேர்ந்து இருக்க வேண்டும் என்கிறது. பகலில் வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் இழுப்பு வருகிறது, இல்லை ராத்திரி இருமி எழுந்திருக்கிறீர்கள் என்றால் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம். அந்த நிலையில் ஸ்டாமினாவை ஏற்றப் பார்ப்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை. எந்த மருந்து, எத்தனை பஃப் என்பதை டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எடுக்கிற முறையும் முக்கியம். குலுக்கி, மூச்சை முழுசாக வெளியே விட்டு, உதட்டை இறுக்கி, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, 10 விநாடி அடக்க வேண்டும். ஸ்பேசர் குழாய் இருந்தால் இன்னும் சுலபம். ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் பிறகு வாய் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும்.

வார்ம்-அப்பில் ஒரு ரகசியம்

சுவாசக் குழாய்க்கு ஒரு விநோத குணம் உண்டு. ஒரு தடவை நன்றாக உழைத்துவிட்டால், ஏறக்குறைய பாதிப் பேருக்கு, அடுத்த இரண்டு மூன்று மணி நேரம் அது அவ்வளவு எளிதில் சுருங்காது. விளையாட்டு வீரர்கள் இதை வேண்டுமென்றே பயன்படுத்துகிறார்கள். நாமும் செய்யலாம். தட்டிக் கும்பிட்டதும் நேராக மூன்றாம் காலத்துக்குத் தாவாமல், 10 நிமிடம் தட்டடவு, நாட்டடவு என்று மெதுவாகத் தொடங்குங்கள். பிறகு 30 விநாடி வேகம், ஒரு நிமிடம் சும்மா நடை. இப்படி ஆறேழு தடவை. நிகழ்ச்சி நாளில் மேக்கப்புக்கு முன்னாடியே இதை முடித்துவிடுவது என் வழக்கம். உங்களுக்கு இது வேலை செய்கிறதா என்று கிளாஸில் பார்த்துவிட்டு மேடைக்குக் கொண்டு போங்கள். இது மருந்துக்குப் பதில் இல்லை, மருந்தோடு சேர்ந்தது.

ஆடி முடித்ததும் பொத்தென்று உட்காரவும் கூடாது. 5 முதல் 10 நிமிடம் மெதுவாக நடந்து, மூக்கு வழியாக மூச்சுவிட்டு, வேகத்தைப் படிப்படியாக இறக்க வேண்டும்.

இப்போ ஸ்டாமினாவுக்கு வருவோம்

ஆஸ்துமா இருந்தா உடம்பை வருத்தக் கூடாது என்பவர்களிடம் நான் பாவ்லா ராட்க்ளிஃப் பெயரைச் சொல்வேன். சின்ன வயசிலேயே இதே உடற்பயிற்சி ஆஸ்துமா கண்டுபிடிக்கப்பட்டவர். 2003 லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடினார். அந்த உலக சாதனை 2019 வரை உடையவில்லை. இதில் ஒரு நல்ல கணக்கும் இருக்கு. உடம்பு ஃபிட்டாக ஆக, அதே ஜதிக்குத் தேவைப்படும் காற்று குறையும். காற்று குறைந்தால் குழாய் வறள்வதும் குறையும்.

முதல் மூன்று வாரம் டான்ஸுக்கு வெளியே வேலை. வாரத்தில் 3 அல்லது 4 நாள், 20 நிமிடம் வேக நடை அல்லது சைக்கிள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். நீச்சலில் ஈரக் காற்று என்பதால் நல்லது, ஆனால் சிலருக்குக் குளோரின் நெடி ஒத்துக்காது. பிறகு வாரத்துக்குச் சில நிமிடம் கூட்டிக்கொண்டே போகலாம். இழுப்பு வந்த வாரத்தில் கூட்ட வேண்டாம்.

அடுத்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஜிம்மில் 'இன்டர்வல் டிரெயினிங்' என்று காசு வாங்கிக்கொண்டு சொல்லித் தருவதை, வர்ணம் எப்பவோ உள்ளே வைத்திருக்கிறது. ஒரு தீர்மானம், உடனே சாகித்யத்துக்கு அபிநயம். மறுபடி தீர்மானம், மறுபடி அபிநயம். வேகம், இளைப்பாறல், வேகம், இளைப்பாறல். அரை மணி நேரத்துக்கும் மேல் போகிற உருப்படியை ஒரே மூச்சில் ஆடிப் பழகுவதைவிட, முதலில் ஒரு தீர்மானமும் அதன் அபிநயமும் மட்டும் இரண்டு தடவை ஆடுங்கள். அபிநயம் முடிவதற்குள் மூச்சு மூக்குக்குத் திரும்பிவிட்டால் அடுத்த தீர்மானத்தைச் சேருங்கள். சரணத்துக்குப் பிறகு சுவரங்கள் நெருக்கிக்கொண்டு வரும், மூச்சுவிட இடம் குறையும். அதனால் அந்தப் பகுதியைக் கடைசியாகத்தான் சேர்க்க வேண்டும். எனக்கு முழு வர்ணம் வர நான்கு மாதம் ஆச்சு.

இன்னொரு கெட்ட பழக்கம், தீர்மானத்தின் முடிவில் மூச்சை அடக்குவது. மூன்று தடவை 'ததிங்கிணதொம்' வரும்போது நம்மில் பாதிப் பேர் மூச்சே விடுவதில்லை. கிளாஸில் சொல்லுக்கட்டைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஆடிப் பாருங்கள். சொல்லும்போது மூச்சு வெளியே போய்த்தானே ஆகணும்? ஒவ்வொரு 'தொம்'மிலும் மூச்சை விடப் பழகினால் கடைசி அடி கனக்காது.

பிராணாயாமம்? மெதுவானவை நல்லது, பதற்றம் குறையும். ஆனால் வேகமாக மூச்சு இழுத்து விடுகிற வகைகளில் ஜாக்கிரதை. இந்த ஆஸ்துமாவைக் கண்டுபிடிக்கிற ஒரு சோதனையே வறண்ட காற்றை வேகவேகமாக இழுக்க வைப்பதுதான்.

நோட்டும், சாம்பிராணியும்

மெடிக்கல் ஷாப்பில் பீக் ஃப்ளோ மீட்டர் என்று ஒரு பிளாஸ்டிக் குழாய் கிடைக்கும். ஆடுவதற்கு முன் ஒரு தடவை, முடித்து 5, 10, 15 நிமிடத்தில் ஒவ்வொரு தடவை ஊதி, போன் நோட்ஸில் குறித்து வையுங்கள். 400 ஊதியவர் 340-க்குக் கீழே போனால், 'எல்லாம் உன் மனப்பிரமை' என்பவர்களிடம் காட்டவும் டாக்டரிடம் காட்டவும் அதைவிட ஆதாரம் வேண்டாம்.

சூழலையும் பாருங்கள். மேடை ஓரத்தில் நடராஜருக்கு ஏற்றிய ஊதுபத்தி, ஹாலில் சாம்பிராணி, கிரீன் ரூமில் ஹேர் ஸ்பிரே, முகத்தில் பறக்கிற பவுடர்... எல்லாம் நமக்கு எதிரி. சாமிக்குப் பூ போதும் என்று தைரியமாகக் கேட்கலாம். போகி அன்று காலை வெளியே பிராக்டிஸ் வேண்டவே வேண்டாம். சளி, காய்ச்சல் வந்து போன வாரங்களில் குழாய் இன்னும் கோபமாக இருக்கும், அப்போ அபிநயம் மட்டும் பயிற்சி பண்ணுங்க. டான்ஸ் டிரெஸ்ஸுக்கு அளவு கொடுக்கும்போது மூச்சை முழுசாக இழுத்து நின்று கொடுங்கள். விலா எலும்பு விரிய இடமில்லாத பிளவுஸ் போட்டுக்கொண்டு எந்த இன்ஹேலரும் காப்பாற்றாது.

ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியவில்லை, உதடு நீலமாகிறது, இன்ஹேலர் எடுத்தும் இறங்கவில்லை என்றால் படுக்காமல் நிமிர்ந்து உட்காருங்கள், கூட இருப்பவர் உடனே 108-க்கு அடிக்கட்டும். இது உங்களுக்காக மட்டுமில்லை, கூட ஆடுறவங்களுக்கும் தெரிஞ்சிருக்கணும்.

நான் ரொம்ப நாள் யாரிடமும் சொல்லவில்லை. பாத்ரூமில் போய் இன்ஹேலர் அடித்துவிட்டு வருவேன். சோலோ கொடுக்க மாட்டாங்களோன்னு பயம். 'நாளைக்கு வரன் பார்க்கும்போது என்ன சொல்றது' என்று வீட்டில் வேறு கவலை. கடைசியில் நட்டுவாங்கம் செய்கிற அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவங்க ஒண்ணும் பெருசா எடுத்துக்கலை. "முன்னாடியே சொல்றதுக்கென்ன" என்று மட்டும் கேட்டாங்க.

அடுத்த நிகழ்ச்சியில் வர்ணம் முடிந்து நான் ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். அக்கா வயலின்காரரைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். அடுத்து வர வேண்டிய பதத்தின் ராகத்தை அவர் சாவகாசமாக நாலைந்து நிமிடம் வாசித்தார். அதுக்கு நல்லா கைதட்டல் விழுந்தது.