வக்ஃபு நிலமும் அதன் குடிகளும்: பினாங்கு காட்டும் வழி

துறைமுக நகரொன்றின் பழைய தெருக்கள் மீண்டும் செழிக்கத் தொடங்கும்போது முதலில் உயர்வது நிலத்தின் மதிப்பே. அந்நிலம் வக்ஃபாக இருப்பின், உயர்ந்த வருமானம் எவருக்குரியது, அதுவரை அங்கு வாழ்ந்தோர் எங்குச் செல்வர் என்னும் இரு வினாக்கள் உடன் எழுகின்றன. இவற்றுக்கான சான்று தமிழ் முஸ்லிம்களின் கடல்கடந்த வரலாற்றிலேயே உள்ளது.

1786-இல் பினாங்குத் தீவில் ஜார்ஜ் டவுன் நிறுவப்பட்டதும், தமிழகக் கடற்கரையிலிருந்து வணிகரும் மாலுமிகளும் கூலியாட்களும் அங்குக் குடியேறினர். 'சூலியா' எனப்பட்ட இவர்களின் தலைவர் காதிர் முகைதீன். 1801-இல் கிழக்கிந்தியக் கம்பெனி பள்ளிவாசலுக்கென 18 ஏக்கர் நிலத்தை வழங்கியது. அதுவே இன்றைய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். தொழுமிடம், மையவாடி, எளியோரின் வீடுகள் ஆகிய மூன்றும் சேர்ந்ததே அன்றைய வக்ஃபு. நகரின் நடுவே அது ஒரு சிற்றூராக விளங்கியது.

நிர்வாகம் சீர்கெட்டது என்னும் முறையீடுகள் எழவே, 1905-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி, முஸ்லிம், இந்து அறக்கட்டளைகளுக்கென ஒரு வாரியத்தைக் காலனி அரசு அமைத்தது. வாரியம் பள்ளிவாசலைச் சூழ்ந்த நெருக்கமான வீடுகளை அகற்றித் தெருக்களை அகலமாக்கி, வாடகைக் கட்டடங்களை எழுப்பியது. வருமானம் பெருகிற்று, பள்ளிவாசலும் விரிவாக்கப்பட்டது. கணக்கேட்டில் இது வெற்றியே. ஆயினும் வக்ஃபு நிலத்தின்மேல் வாழ்ந்த சமூகம் சிதறியது. முறைகேட்டை நீக்கப் புகுந்தவர்கள் குடிகளையும் சேர்த்தே நீக்கினர் எனலாம்.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின் நகர் முழுவதும் இதுவே நிகழ்ந்தது. 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய குடிகளைக் காத்தது. அதே சட்டத்தால் உரிமையாளர்கள் பழுதுபார்ப்பதைக் கைவிட, வீடுகள் இடிந்தன என்பதையும் மறுப்பதற்கில்லை. 1997-இல் நீக்கப்பட்ட அச்சட்டத்தின் பாதுகாப்பு 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு முடிவுற்றது. வாடகை பன்மடங்காகவே பலர் வெளியேறினர். 2008-இல் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததும் விடுதிகளும் உணவகங்களும் வந்தன. கட்டடங்கள் பிழைத்தன, அவற்றுள் வாழ்ந்த கைவினைஞர் பலர் இன்று அங்கில்லை.

ஃபிக்ஹின் நோக்கில் இதனை எவ்வாறு காண்பது? கைபர் நிலத்தை உமர் (ரலி) அவர்கள் வக்ஃபு செய்தபோது மூலம் விற்கப்படலாகாது, விளைவு ஏழைகளையும் உறவினரையும் வழிப்போக்கரையும் சேரவேண்டும் என்பதே ஏற்பாடு. வக்ஃபு சொத்தைச் சந்தை வாடகைக்குக் குறையாமல் விடவேண்டும் என்பது ஃபகீஹ்களின் பொது நெறி. இதனை மட்டும் எடுத்துக்கொண்டால் பினாங்கு வாரியத்தின் பக்கம் நியாயம் இருப்பதாகத் தோன்றும். ஆனால் வக்ஃபு செய்தவரின் நிபந்தனைக்கு மாறுபட முத்தவல்லிக்கு அதிகாரமில்லை என்பதும் அதே நெறியின் பகுதி. ஏழைகள் குடியிருக்கவே நிலம் விடப்பட்டிருப்பின், அவர்கள் குடியிருப்பதே அதன் விளைவு. நம் கடற்கரையில் பெரும்பான்மையோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபு, வக்ஃபை மாற்றிக்கொள்வதில் ஹனஃபீ மத்ஹபைவிடக் கண்டிப்பானது என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

இந்தியாவில் இவ்விவாதம் பெரும்பாலும் எண்களிலேயே நின்றுவிடுகிறது. 2006-இன் சச்சார் குழு, வக்ஃபுகளின் சந்தை மதிப்பு 1.2 லட்சம் கோடி ரூபாய் இருக்கலாம் என்றும், ஆண்டு வருமானம் 163 கோடி மட்டுமே என்றும் கூறி, 10 விழுக்காடு ஈட்டினால் 12,000 கோடி கிடைக்கும் எனக் கணித்தது. 2013-இன் சட்டத்திருத்தம் 30 ஆண்டுக் குத்தகைக்கு வழிவிட்டது. அந்த 10 விழுக்காட்டை வாடகையாகச் செலுத்தப்போவோர் யார் என்பதை எந்தக் கணக்கும் கேட்பதில்லை.

கீழக்கரையின் பழந்தெருக்களுக்கும், கிழக்குக் கடற்கரைச் சாலை கடந்துசெல்லும் சாயல்குடி போன்ற ஊர்களுக்கும் இவ்வினா அயலானதன்று. சாலையோர நிலத்துக்கு விலையேறும் நாளில் ஜமாஅத்தின் முன் குத்தகைப் பத்திரம் வரும். அதற்கு முன்னரே வக்ஃபு நாமாவை எடுத்து வாசித்து, தற்போதைய குடிகளின் பெயர்ப்பட்டியலை எழுதி, புதிய கட்டடத்தில் அவர்களுக்குரிய கடைகளையும் வீடுகளையும் குத்தகையின் நிபந்தனையாகவே சேர்த்துவிடுவது இயலும். 30 ஆண்டுக் குத்தகை கையொப்பமான பின் அதற்கு இடமிராது.