முழுப்பரீட்சை லீவில் முதுமலை வேண்டாம்

ஏப்ரல் நெருங்கினால் பல வீடுகளில் ஒரே பேச்சு. பிள்ளைகளுக்கு முழுப்பரீட்சை முடியப்போகிறது, இந்த முறை ஊட்டியோடு சேர்த்து முதுமலையையும் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்பார்கள். யானை நிச்சயம், அதிர்ஷ்டம் இருந்தால் புலியும் கண்ணில் படும் என்று பிள்ளைகளுக்கு ஆசை காட்டுவார்கள். வண்டிக்கும் விடுதிக்கும் முன்பணம் போய்விடும். அந்த மாதத்தில் காடு என்ன நிலையில் இருக்கும் என்ற கேள்வி மட்டும் யாருக்கும் எழுவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்குப் போக ஆண்டிலேயே மிக மோசமான காலத்தைத்தான் நம் பள்ளி நாட்காட்டி நமக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறது.

முதுமலை 1940-ல் சரணாலயமானது, 2007-ல் புலிகள் காப்பகமானது. அதன் மேற்குப் பக்கம், கூடலூரை ஒட்டிய பகுதி, தென்மேற்குப் பருவமழையில் நன்றாக நனையும். கிழக்கே மசினகுடிப் பக்கம் மழைமறைவுப் பகுதி. முள்மரங்களும் வறண்ட நிலமுமாக இருக்கும். தை பிறந்த பிறகு மரங்கள் இலை உதிர்க்கும், ஓடைகள் வற்றும். மாயாறும் சில குட்டைகளும்தான் மிஞ்சும். ஆளுயரப் புல்லும், காட்டை ஆக்கிரமித்திருக்கும் உண்ணிச்செடிப் புதர்களும் காய்ந்து விறகாகிவிடும். பிப்ரவரி தொடங்கினால் வனக்காவலர்களுக்கும் தீத்தடுப்புக் காவலர்களுக்கும் இரவு பகல் என்ற கணக்கே இருக்காது. தீத்தடுப்புக் கோடு எடுப்பதும், புகை தெரிகிறதா என்று காவல் இருப்பதும், தீ பிடித்தால் பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு ஓடி அடிப்பதும் அவர்கள் வேலை. வறட்சி கடுமையாக இருந்த ஆண்டுகளில் கோடையில் சுற்றுலாவையே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அந்த அறிவிப்பு பெரும்பாலும் நீங்கள் முன்பணம் கட்டிய பிறகுதான் வரும்.

கோடையில்தான் மிருகம் நன்றாகத் தெரியும் என்று வண்டிக்காரர்கள் சொல்வார்கள். பொய்யில்லை. இலை உதிர்ந்த காட்டில் பார்வை தூரம் போகும், தண்ணீரைத் தேடி எல்லா விலங்கும் ஓரிடத்துக்கு வரும். ஆனால் அந்தத் தண்ணீருக்காகக் குட்டியோடு பல கிலோமீட்டர் நடந்து வந்த யானைக் கூட்டம், குட்டைக்கு எதிரே நான்கு வண்டிகள் நிற்பதைப் பார்த்தால் குடிக்காமலே திரும்பிவிடக்கூடும். நமக்கு நல்ல படம் கிடைக்கும் காலம் அவற்றுக்கு உயிர்வாதைக் காலம் என்பதை மறந்துவிடக் கூடாது. வறட்சியில் யானைகள் சாலையைக் கடப்பதும் சாலையோரம் நிற்பதும் சகஜம். 2025 பிப்ரவரியில் வால்பாறை மலைச்சாலையில் பைக்கில் போன ஜெர்மன் நாட்டுப் பயணி ஒருவர் காட்டுயானை தாக்கி இறந்தார். யானை சாலையில் நிற்கும்போது ஹாரன் அடித்து முந்திப் போகலாம் என்ற எண்ணமே வரக்கூடாது. வண்டியைத் தொலைவிலேயே நிறுத்தி, அது தானாக விலகும்வரை காத்திருக்க வேண்டும்.

தீயைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றம் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலானோர் இளம் வயதினர். அவர்கள் போன பாதைக்கு அனுமதி தரப்படவில்லை என்று வனத்துறை அப்போது கூறியது. மலைச்சரிவில் காய்ந்த புல்லில் பிடிக்கும் தீ மேல்நோக்கி ஏறும் வேகத்துக்கு மனிதன் ஓட முடியாது. காற்றும் சேர்ந்தால் திசையே புரியாது. அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு அரசே ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த தீப்பருவத்தில், 2025 பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை, அந்தப் பாதைகள் மூடப்பட்டன. அரசு மூடி வைக்கும் அந்த வாரங்களில் “எங்களுக்கு ஆள் தெரியும், கூட்டிப் போகிறோம்” என்று ஒரு குழு உங்களை அழைத்தால், அந்த எண்ணை அழித்துவிடுங்கள்.

கோடையில் போவதற்கு இன்னொரு தடையும் உண்டு. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் வைத்தார்கள். முதுமலை நீலகிரி மாவட்டத்தில்தான் இருக்கிறது. விடுதியில் அறை உறுதியாகி, இ-பாஸ் கிடைக்காமல் போனால் நஷ்டம் உங்களுக்குத்தான். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

மழைக்காலம் மட்டும் பாதுகாப்பா என்றால், ஜூன் முதல் செப்டம்பர் தொடக்கம் வரை மேற்குச் சரிவுகளில் அட்டை, மண்சரிவு, விழும் மரங்கள் எல்லாம் இருக்கும். அட்டை கடித்தால் ஆபத்தில்லை, மண்சரிவு அப்படியில்லை. அருவிகளில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். அருவியில் குளிப்பவர் தலைக்கு மேல் வானம் தெளிவாகவே இருக்கலாம்; மழை மேலே மலையில் பெய்துகொண்டிருக்கும். தண்ணீர் கலங்கிச் சிவந்தாலோ, இலைதழை அடித்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ அந்த நொடியே கரையேறிவிட வேண்டும். களக்காடு முண்டந்துறைப் பக்கத்து அருவிகளுக்கு ஐப்பசி, கார்த்திகையில் போகிறவர்கள் வானிலை மையத்தின் ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை இருக்கிறதா என்று முதல்நாள் இரவே பார்ப்பது நல்லது.

முதுமலை, டாப்சிலிப் இரண்டுக்கும் செப்டம்பர் கடைசி முதல் ஜனவரி நடுப்பகுதி வரை போகலாம் என்பது என் முடிவு. காடு பச்சையாக இருக்கும், தண்ணீர் பரவலாகக் கிடைக்கும், விலங்குகள் நெருக்கடி இல்லாமல் மேயும். புலி தெரியும் வாய்ப்பு கொஞ்சம் குறையலாம். மானும் காட்டெருதும் மயிலும் குறையாது. காலாண்டு விடுமுறை இதற்குத் தோதானது. அரையாண்டு விடுமுறையில் காடு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கூட்டம் நெரியும். முடிந்தால் வார நாளில் போங்கள்.

டிசம்பர் முதல் மே வரை ஒரு நோய் எச்சரிக்கையும் இருக்கிறது. கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் 1957-ல் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சல், பின்னாளில் பந்திப்பூர், வயநாடு, நீலகிரிப் பக்கமும் தென்பட்டது. உண்ணி கடித்துப் பரவுவது அது. முழுக்கை, முழுக்கால் உடை போடுங்கள். புல்தரையில் உட்காராதீர்கள். செத்த குரங்கைக் கண்டால் நெருங்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஊர் திரும்பிய ஒன்றிரண்டு வாரங்களுக்குள் கடும் காய்ச்சலும் தலைவலியும் உடம்புவலியும் வந்தால், காட்டுக்குப் போய்வந்ததை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.

ஒவ்வொரு காட்டுக்கும் கணக்கு வேறு. மூணாறை அடுத்த இரவிகுளம் தேசியப் பூங்காவை வரையாடு குட்டி ஈனும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஆண்டுதோறும் மூடுவது வழக்கம். அங்கே குறிஞ்சி பார்க்க நினைப்பவர்கள் 2030 வரை காத்திருக்க வேண்டும். 2018-ல் பெருவாரியாகப் பூத்தது பன்னிரண்டு ஆண்டு கழித்துத்தான் பூக்கும். கான்ஹா, பாந்தவ்கர் போன்ற மத்திய இந்தியக் காடுகளின் உட்பகுதி ஜூலை முதல் செப்டம்பர் வரை திறக்காது. பிரம்மபுத்திரா வெள்ளம் ஏறும் மழைக்காலத்தில் காசிரங்காவும் மூடியிருக்கும்.

இனி பணத்துக்கும் சட்டத்துக்கும் வருவோம். தேசியப் பூங்காவுக்குள் நுழைவது நம் உரிமை இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-வது பிரிவின்படி அது ஓர் அனுமதி. காட்டை மூடினால் ஏன் என்று சண்டை போட இடமில்லை. ஆனால் கொடுத்த காசுக்கு, சொன்ன சேவையைப் பெறுவது உங்கள் உரிமை. “காட்டுக்குள் சஃபாரி நிச்சயம்” என்று விளம்பரம் செய்துவிட்டு நெடுஞ்சாலையிலேயே ஜீப்பை ஓட்டிக் காட்டுவது இங்கே பல காலமாக நடக்கிறது. முதுமலைக் காட்டுக்குள் முறையான சஃபாரி தெப்பக்காட்டிலிருந்து வனத்துறை நடத்துவது, காலையிலும் மாலையிலும் மட்டும். ‘நைட் சஃபாரி’ என்று யாராவது சொன்னால் அது சட்டவிரோதம். பிடிபட்டால் வண்டிக்காரரோடு நீங்களும் சிக்குவீர்கள்.

விடுதியையும் விசாரியுங்கள். சீகூர் யானை வழித்தடத்தில் கட்டப்பட்ட ரிசார்ட்டுகளுக்கு எதிரான உத்தரவை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதற்கு முன்பே 2018-ல் பல ரிசார்ட்டுகள் சீல் வைக்கப்பட்டன. மசினகுடிப் பக்கம் அறை எடுக்கும் முன் உரிமம் இருக்கிறதா, இடம் வழித்தடத்துக்குள் வருகிறதா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். எந்த வாயில், யார் தரும் அனுமதி, காடு மூடினால் பணம் எப்போது திரும்பும் என்பதையும் வாட்ஸ்அப்பிலேயே கேட்டுவிடுங்கள். தொலைபேசியில் சொன்னது எதுவும் பிறகு நிற்காது.

ஏமாற்றப்பட்டால் ரசீது, விளம்பரத்தின் படம், செய்திகள் மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு முதலில் எழுத்துமூலம் பணம் கேளுங்கள். தரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அதற்கும் மசியவில்லையா, மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ன் நுகர்வோர் சட்டப்படி, நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், அவ்வளவுதான்.

சட்டம் நம்மையும் கட்டுப்படுத்துகிறது. விலங்கைச் சீண்டுவது, குப்பை போடுவது, தீ மூட்டுவது எல்லாம் குற்றம். 2022 திருத்தத்துக்குப் பிறகு மூன்று ஆண்டுவரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். வண்டியிலிருந்து எறியும் பீடித்துண்டு ஒன்று மார்ச் மாதத்தில் பல ஏக்கர் காட்டை எரிக்கப் போதும்.

இந்த ஏப்ரலுக்கு முதுமலைப் பயணத்தை யோசித்து வைத்திருப்பவர்கள், முன்பணம் கட்டும் முன் அதைக் காலாண்டு விடுமுறைக்குத் தள்ளிப்போடுங்கள். பிள்ளைகளிடம் காரணத்தையும் சொல்லுங்கள். அவர்கள் பெரியவர்களைவிட எளிதில் ஒத்துக்கொள்வார்கள்.