அரிய பறவைப் பதிவுகளின் மதிப்பீடு

ஒரு நாட்டிலோ வட்டாரத்திலோ வழக்கமாகக் காணப்படாத பறவை அங்கே தென்பட்டதாக ஒருவர் தெரிவிக்கும்போது, அதை அப்பகுதியின் பறவைப் பட்டியலில் சேர்க்கலாமா என ஆராய்ந்து முடிவு செய்யும் நடைமுறை அரிய பறவைப் பதிவுகளின் மதிப்பீடு எனப்படுகிறது. பறவை சில மணி நேரத்தில் பறந்து போய்விடும். பதிவு மட்டுமே நிலைக்கும். ஆகவே அவ்விடத்தில் இல்லாதவரும் பிற்காலத்தவரும் சரிபார்க்கக்கூடிய சான்று இருக்கிறதா என்பதே இம்மதிப்பீட்டின் அடிப்படைக் கேள்வி. இந்நடைமுறை நெடுங்காலமாக வளர்ந்துவந்த நாடுகளுள் பிரிட்டன் முக்கியமானது.

பட்டியலும் பிரிவுகளும்

1858இல் தொடங்கப்பட்ட பிரித்தானியப் பறவையியலாளர் ஒன்றியம் பிரிட்டனின் அதிகாரப்பூர்வப் பறவைப் பட்டியலைப் பேணுகிறது. அதன் முதல் பட்டியல் 1883இல் வெளியானது. பறவைகள் பல பிரிவுகளாகப் பகுக்கப்படுகின்றன; அவற்றுள் முக்கியமானவை இவை.

- ஏ: 1950க்குப் பின் ஒருமுறையேனும் இயல்பான நிலையில் காணப்பட்டவை.
- பி: 1800 முதல் 1949 வரை காணப்பட்டு, அதன்பின் காணப்படாதவை.
- சி: மனிதரால் கொண்டுவரப்பட்டு, இன்று தாமாகவே பெருகி வாழ்பவை.
- டி: இயல்பாக வந்தவையா என்பதில் நியாயமான ஐயம் உள்ளவை.
- ஈ: வளர்ப்பிடங்களிலிருந்து தப்பியவை எனக் கருதப்படுபவை.

முதல் மூன்று பிரிவுகளே பிரிட்டன் பட்டியலாகக் கொள்ளப்படுகின்றன. தமிழ்நாட்டில் எங்கும் காணப்படும் பச்சைக்கிளியான செந்தார்ப் பைங்கிளி, லண்டன் பூங்காக்களில் பெருகி வாழ்வதால் 'சி' பிரிவில் இடம்பெற்றுள்ளது.

மதிப்பிடும் முறை

1959இல் பிரித்தானிய அரிய பறவைகள் குழு உருவாக்கப்பட்டது. களத்தில் நீண்ட அனுபவம் உடைய பத்துப் பேர் இதில் வாக்களிப்பவர்கள். பறவையைக் கண்டவர் அனுப்பும் குறிப்பைப் படித்து ஒவ்வொருவரும் தனித்தனியே கருத்து எழுதுவர். கருத்து வேறுபட்டால், அந்தப் பதிவு மற்றவர்களின் கருத்துகளுடன் மறுசுற்றுக்குச் செல்லும். முடிவுகள் 'பிரிட்டிஷ் பேர்ட்ஸ்' இதழில் ஆண்டறிக்கையாக வெளிவருகின்றன. பிரிட்டனில் முதன்முறையாகக் காணப்பட்ட இனமாக இருந்தால், பறவையியலாளர் ஒன்றியத்தின் பதிவுக் குழுவும் தனியே ஆராயும்.

குறிப்பில் நாள், நேரம், இடம், தொலைவு, வெளிச்சம், பார்த்த நேர அளவு, பயன்படுத்திய கருவி ஆகியவை இருக்க வேண்டும். அலகு முதல் கால் வரையிலான விவரிப்பும், குரலும், ஒத்த தோற்றமுடைய இனங்கள் எவ்வாறு விலக்கப்பட்டன என்பதும் அதைவிட முக்கியமானவை. 'இன்ன பறவையைக் கண்டேன்' என்பது முடிவு. 'இன்னின்னவற்றைக் கண்டேன்' என்பதே சான்று. குழு எடைபோடுவது இரண்டாவதைத்தான்.

குளிர்காலத்தில் தமிழ்நாட்டுக்கு வலசை வரும் பச்சைக் கதிர்க்குருவியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கிழக்கு ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் இனப்பெருக்கம் செய்யும் இக்குருவி, பிரிட்டனுக்கு வழிதவறி வருவது அரிது. அங்கே இதைப் போன்ற பச்சை நிறக் கதிர்க்குருவிகள் பல உண்டு. இதன் சிறகில் உள்ள வெளிறிய மெல்லிய கோடு ஓர் அடையாளம். ஆனால் இறகு தேய்ந்தால் அக்கோடு மறைந்துவிடலாம். எனவே கோட்டை மட்டும் சொன்னால் போதாது. காலின் நிறம், கண்புருவக் கோட்டின் அமைப்பு, குரல் ஆகியவையும் ஒத்துவர வேண்டும்.

ஒளிப்படமும் ஒலிப்பதிவும் இப்பணியை எளிதாக்கியுள்ளன. உதிர்ந்த இறகிலிருந்தோ எச்சத்திலிருந்தோ டி.என்.ஏ. எடுத்து இனத்தை உறுதி செய்வதும் உண்டு. எனினும் படம் தவறான நிறத்தைக் காட்டலாம். ஒரே கோணத்தில் எடுத்த படம் முக்கிய அடையாளத்தை மறைக்கலாம். அதனால் எழுத்துக் குறிப்பின் தேவை குறையவில்லை.

எது அரிது என்பதும் மாறும். ஒருகாலத்தில் இக்குழு மதிப்பிட்டுவந்த சின்னக் கொக்கு, 1996இல் டார்செட் பகுதியின் பிரவுன்சி தீவில் இனப்பெருக்கம் செய்தது. இன்று பிரிட்டனில் அது பரவலாக வாழ்வதால் அதன் பதிவுகள் இக்குழுவிடம் செல்வதில்லை.

இயல்பான வருகையா?

இனம் சரியாக அறியப்பட்டாலும் இன்னொரு கேள்வி எஞ்சும்: பறவை தானாக வந்ததா, கூண்டிலிருந்து தப்பியதா? பருவம், காற்றின் திசை, இனத்தின் வலசைப் பாதை, காலில் வளையம், தேய்ந்த இறகுகள், அந்த இனம் எவ்வளவு வளர்க்கப்படுகிறது என்பன ஆராயப்படும். நடு ஆசியாவிலிருந்து இமயத்தைக் கடந்து கூந்தன்குளம் வரை வரும் வரித்தலை வாத்து, தமிழ்நாட்டில் இயல்பான விருந்தாளி. அதே வாத்து பிரிட்டனில் காணப்பட்டால் 'ஈ' பிரிவிலேயே வைக்கப்படுகிறது.

ஹேஸ்டிங்ஸ் பதிவுகள்

1892க்கும் 1930க்கும் இடையில் தெற்கு இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகரைச் சுற்றி ஏறத்தாழ 32 கிலோமீட்டருக்குள் வியப்பூட்டும் எண்ணிக்கையில் அரிய பறவைகள் கிடைத்ததாகப் பதிவாயின. அவற்றுள் பெரும்பாலானவை சுடப்பட்டுப் பாடம் செய்யப்பட்டவை. அதாவது உடல் என்ற சான்று இருந்தது. அது எங்கே கிடைத்தது என்பதற்குத்தான் சான்று இல்லை.

1962 ஆகஸ்டில் 'பிரிட்டிஷ் பேர்ட்ஸ்' இதழ் இதை வெளிப்படுத்தியது. புள்ளியியலாளர் ஜான் நெல்டர், அப்பகுதியின் பதிவுகளைச் சுற்றுப்புறப் பகுதிகளோடும் பிற்காலத்தோடும் ஒப்பிட்டு, அவை இயல்பாக அமைந்திருக்க முடியாது எனக் காட்டினார். மேக்ஸ் நிக்கல்சனும் ஜேம்ஸ் ஃபெர்குசன்-லீஸும் பதிவுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தனர். இதன் விளைவாக 29 இனங்களும் துணையினங்களும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. பின்னாளில் ஐயமற்ற புதிய பதிவுகள் கிடைத்து, அவற்றுள் பெரும்பாலானவை மீண்டும் சேர்ந்தன. உண்மையான பதிவுகள் சிலவும் பொய்யானவற்றோடு சேர்த்து நீக்கப்பட்டிருக்கக்கூடும். ஆனால் எது மெய் எனப் பிரித்தறிய வழி இல்லாதபோது, அத்தொகுப்பு முழுவதும் பயனற்றதாகிவிட்டது.

மறு ஆய்வு

ஒருமுறை ஏற்கப்பட்டது எப்போதும் நிலைக்கும் என்பதில்லை. 1998 மே மாதம் நார்தம்பர்லாந்தின் டிரூரிட்ஜ் விரிகுடாவில் பலர் கண்ட ஒரு கோட்டான், மெல்லிய அலகுக் கோட்டான் என ஏற்கப்பட்டுப் பட்டியலில் சேர்ந்தது. 1995இல் மொராக்கோவில் கடைசியாக உறுதியாகக் காணப்பட்ட அந்த இனம், இன்று அற்றுப்போனதாகக் கருதப்படுகிறது. எனவே பிரிட்டன் பதிவு உறுதியானால் உலகிலேயே மிகப் பிந்தைய பதிவுகளுள் ஒன்றாகியிருக்கும். பொதுவான கோட்டானின் தோற்ற வேறுபாடுகள் நன்கு அறியப்பட்ட பின் மறு ஆய்வு நடந்தது. பழைய சான்று இனத்தை ஐயமற நிறுவவில்லை எனக் கருதப்பட்டு அது நீக்கப்பட்டது.

பொய்ப் பதிவின் விளைவு

தவறான பதிவு ஓர் இனத்தைத் தேடும் முயற்சியையே திசைதிருப்பலாம். இந்தியாவில் மட்டுமே வாழும் காட்டுச் சிற்றாந்தையின் உண்மையான மாதிரிகள் 1884க்குப் பின் கிடைக்கவில்லை. 1914இல் குஜராத்தின் மாண்டவியில் ஒன்றைச் சேகரித்ததாக ஆங்கிலேயர் ரிச்சர்ட் மைனர்ட்ஸாகன் கூறியிருந்தார். பமீலா ராஸ்முசெனும் நைஜல் காலரும் அந்த உடலை ஆராய்ந்தபோது, அது 1880களில் வேறொருவர் சேகரித்தது என்றும் அருங்காட்சியகத்திலிருந்து திருடப்பட்டு மீண்டும் பாடம் செய்யப்பட்டது என்றும் தெரிந்தது. பொய்யான இடத்தை ஒதுக்கிவிட்டு உண்மையான இடங்களில் தேடிய ராஸ்முசெனின் குழு, 1997 நவம்பரில் மகாராட்டிரத்தின் ஷஹாடா அருகே அந்த ஆந்தையை உயிருடன் கண்டது.

ஏற்கப்படாத பதிவுகள்

ஒரு பதிவு ஏற்கப்படாததால் கண்டவர் பொய் சொன்னார் என்றாகாது. அவர் சரியாகவே கண்டிருக்கலாம். அனுப்பிய சான்று போதவில்லை என்பதே அம்முடிவின் பொருள். அத்தகைய குறிப்புகளும் பாதுகாக்கப்படுகின்றன. புதிய படமோ புதிய அறிவோ கிடைத்தால் அவற்றை மீண்டும் ஆராய முடியும். பறவையைக் கண்ட உடனே, நூலைப் புரட்டுமுன், கண்டதைக் கண்டபடி எழுதிவைக்கும் பழக்கம் இதனால்தான் வலியுறுத்தப்படுகிறது.