ஒரே நோய், வேறு வேறு மருந்துச்சீட்டு

எங்கள் குடல்நோய்ப் பிரிவின் வாயிலில் காத்திருப்போர் தங்களுக்குள் மருந்துச்சீட்டுகளை ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். "அவருக்கும் எனக்கும் ஒரே நோய்தானே? அவருக்கு எட்டு வாரங்களுக்கு ஒருமுறை மருந்து ஏற்றுகிறீர்கள். எனக்கு மட்டும் ஏன் வெறும் மாத்திரை?" என்று மனத்தாங்கலோடு கேட்பவர் உண்டு. "பக்கத்துப் படுக்கைக்காரர் மாத்திரையிலேயே நலமாகிவிட்டார், என் மகனுக்கு ஏன் இத்தனை வலிய மருந்து?" என்று கலங்கும் பெற்றோரும் உண்டு. கேட்பவர்களைப் பற்றி எங்களுக்குக் கவலை இல்லை. கேட்காமலேயே மருந்தை நிறுத்திவிடுபவர்களையும், அடுத்தவர் சீட்டிலுள்ள மருந்தைக் கடையில் வாங்கி உட்கொள்பவர்களையும் எண்ணியே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

குடல் அழற்சி நோய் என்ற ஒரே பெயரின்கீழ் குறைந்தது இரண்டு நோய்கள் உள்ளன. அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் எனப்படும் பெருங்குடல் புண் அழற்சி, மலக்குடலில் தொடங்கிப் பெருங்குடலின் உட்சுவரில் இடைவெளியின்றி மேல்நோக்கிப் பரவுகிறது. 1932ஆம் ஆண்டு நியூயார்க் நகர மருத்துவர்கள் விவரித்த குரோன் நோயோ வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் தோன்றலாம்; விட்டு விட்டுத் தோன்றும்; குடற்சுவரின் முழுத் தடிமனையும் துளைக்கும். ஆதலால் அதில் குடல் சுருங்கி அடைபடுவதும், புரையோடிப் புதிய வழிகள் திறப்பதும் நேர்கின்றன. இரண்டிலும் வயிற்றுவலி, கழிச்சல், எடைக்குறைவு, சோகை ஆகியவை இருக்கலாம். வெளியே தெரியும் துன்பம் ஒன்றுபோல் இருப்பதால் மருந்தும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

முதலில் நாங்கள் பார்ப்பது நோய் இருக்கும் இடத்தை. புண் மலக்குடலோடு நின்றிருந்தால், ஆசனவாயில் வைக்கும் மெசலமின் மருந்து வாய்வழி மாத்திரையைவிட நன்றாக வேலை செய்யும். இதைக் கூறும்போது பலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். கூச்சம் புரிகிறது. எனினும் வீட்டில் தனியறை இல்லை, இரவுப் பணி, விடுதி வாழ்க்கை போன்ற இடையூறுகளை எங்களிடம் கூறினால் வேறு நேரத்தையோ வேறு வடிவத்தையோ பரிந்துரைக்க இயலும். வாங்கிய மருந்து அலமாரியிலேயே கிடந்தால் எவருக்கும் பயனில்லை.

அடுத்து நோயின் கடுமை. பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரைகள் சில நாள்களிலேயே நிவாரணம் தருவதால் நோயாளர்களுக்கு அவற்றின்மேல் தனிப் பற்று உண்டு. பழைய சீட்டைக் காட்டித் தாமே மீண்டும் வாங்கிக்கொள்வோரையும் காண்கிறோம். அவை பற்றியெரியும் நோயை அணைப்பதற்கானவை. அணைந்தபின் மீண்டும் மூளாமல் காக்கும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. மாதக்கணக்கில் தொடர்ந்தால் எலும்பு தேயும், சர்க்கரை ஏறும், கண்புரை வரும். தாமாகத் திடீரென நிறுத்துவதும் ஆபத்தே. ஓராண்டில் இரண்டாம் முறை ஸ்டீராய்டு தேவைப்பட்டால், வேறு மருந்துக்கு மாறும் வேளை வந்துவிட்டது என்று நாங்கள் கருதுகிறோம்.

வலிய மருந்தை எப்போது தொடங்குவது என்பதில் மருத்துவ உலகின் எண்ணம் அண்மைக் காலத்தில் மாறியுள்ளது. பிரிட்டனில் புதிதாகக் குரோன் நோய் கண்டறியப்பட்ட 386 பேரிடம் நடத்தப்பட்ட புரொஃபைல் என்னும் ஆய்வின் முடிவு 2024இல் வெளிவந்தது. யாருக்கு நோய் முற்றும் என்பதைக் குருதிப் பரிசோதனை ஒன்றின் வழியே முன்கூட்டி அறிந்து, அதற்கேற்ப மருந்தைத் தேர்ந்தெடுக்க இயலுமா என்பதே அவர்களின் கேள்வி. அந்தப் பரிசோதனை உதவவில்லை. ஆனால் தொடக்கத்திலேயே இன்ஃப்ளிக்சிமாப் என்னும் உயிரியல் மருந்தை நோயெதிர்ப்பைத் தணிக்கும் மற்றொரு மருந்தோடு சேர்த்துப் பெற்றவர்களில் 79 விழுக்காட்டினர், ஓராண்டளவு ஸ்டீராய்டும் அறுவை சிகிச்சையும் இன்றி நோய் அடங்கிய நிலையில் இருந்தனர். படிப்படியாக மருந்தைக் கூட்டிய பிரிவில் அந்த நிலையில் இருந்தவர்கள் 15 விழுக்காட்டினரே. ஆகவே, வலிய மருந்து எழுதப்பட்டதனால் உங்கள் மகனின் நோய் கைமீறிவிட்டது என்று பொருளாகாது. குடல் சுருங்குவதற்கு முன்பே அதைக் காக்க முயல்கிறோம் என்பதே பொருள்.

அப்படியானால் எல்லோருக்கும் அதையே கொடுத்துவிடலாமே என்று கேட்கலாம். பெருங்குடல் புண் அழற்சி மிதமாக உள்ளவர்களில் பலர் மெசலமின் ஒன்றிலேயே பல்லாண்டுகள் நலமாக இருக்கிறார்கள். மேற்சொன்ன முடிவு குரோன் நோய்க்கு உரியது, அவர்களுக்குப் பொருந்தாது. மற்றொரு காரணம் நம் நாட்டுக்கு உரியது: காசநோய்.

நம்மில் பலரது உடலில் காசநோய்க் கிருமி எந்தத் தொல்லையும் தராமல் உறங்கிக்கொண்டிருக்கிறது. இன்ஃப்ளிக்சிமாப், அடலிமுமாப் போன்ற மருந்துகள் தடுக்கும் அதே புரதம்தான் அக்கிருமியைக் கட்டிவைத்திருப்பதிலும் பங்கு கொள்கிறது. ஆகவே முதல் ஊசிக்கு முன் மார்பு எக்ஸ்-ரேயும், தோல் அல்லது குருதிப் பரிசோதனையும் செய்கிறோம். உறங்கும் கிருமி தென்பட்டால் அதற்கான தடுப்பு மருந்தைக் குறைந்தது ஒரு மாதமாவது கொடுத்தபின்பே ஊசி. "வலியில் துடிக்கிறேன், நீங்கள் ஒரு மாதம் தள்ளிப்போடுகிறீர்களே" என்று கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. அந்தக் காலத்தில் நோயை வேறு மருந்தால் தாங்கிப் பிடிக்கிறோம், உங்களைக் கைவிடுவதில்லை.

இதிலும் சிக்கலான நிலை ஒன்றுண்டு. சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் வரும் குடற்காசநோயும் குரோன் நோயும் கொலோனோஸ்கோபியிலும் திசுப் பரிசோதனையிலும்கூட ஒன்றுபோலவே தோன்றக்கூடும். ஐயம் தீராதபோது காசநோய் மருந்தைச் சில மாதங்கள் கொடுத்து, மீண்டும் உள்நோக்கிப் புண் ஆறியதா என்று பார்க்கிறோம். இரண்டாம் கொலோனோஸ்கோபி வீண்செலவு என்று தோன்றலாம். ஆனால் காசநோயாளிக்கு ஸ்டீராய்டும் உயிரியல் மருந்தும் கொடுத்துவிட்டால் அதன் விளைவு உயிருக்கே ஆபத்தாகும்.

அசத்தியோபிரின் மாத்திரையிலும் பிறப்புவழி வேறுபாடு உண்டு. இம்மருந்தை உடைத்து வெளியேற்றும் திறன் சிலருக்குப் பிறப்பிலேயே குறைவு. என்.யு.டி.டி.15 என்னும் மரபணுவின் மாற்றமே ஆசியரிடம் இதற்கு முக்கியக் காரணம் என்பது கொரிய நோயாளர்களிடம் செய்த ஆய்வால் 2014இல் தெரியவந்தது. தெற்காசியரிடத்திலும் இம்மாற்றம் அரிதன்று. இத்தகையோர் பொதுவான அளவில் மாத்திரையை உட்கொண்டால் சில வாரங்களிலேயே வெள்ளணுக்கள் வீழ்ச்சியடையலாம். அதனால்தான் மரபணுப் பரிசோதனை செய்கிறோம், அல்லது சிறிய அளவில் தொடங்கி அடிக்கடி இரத்த அணுக்களை எண்ணுகிறோம். மாத்திரை தொடங்கிய வாரங்களில் தலைமுடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தாலோ காய்ச்சல் வந்தாலோ அடுத்த சந்திப்புவரை காத்திருக்க வேண்டா, அன்றே தெரிவியுங்கள். யூரிக் அமிலத்துக்காக அல்லோபியூரினால் உட்கொள்பவர்கள் அதைக் கட்டாயம் கூற வேண்டும். இரண்டும் சேர்ந்தால் அசத்தியோபிரின் உடலில் பன்மடங்கு தங்கிவிடும்.

நோயோடு முதுகுத்தண்டு மூட்டுகளும் வலிப்பவருக்கு இரண்டையும் சேர்த்துத் தணிக்கும் இன்ஃப்ளிக்சிமாப் பொருந்தும். முதியவருக்கும், எளிதில் தொற்று வரக்கூடியவருக்கும் பெரும்பாலும் குடலில் மட்டுமே வேலை செய்யும் வெடோலிசுமாப் பாதுகாப்பானது. ஆனால் அது மெதுவாகவே பலன் தரும். டோஃபாசிடினிப் மாத்திரை வசதியானது. இரத்தக்கட்டு வந்தவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் 65 வயதைக் கடந்தவர்களுக்கும் அதைத் தரத் தயங்குகிறோம். வளரும் பிள்ளைக்குக் குரோன் நோய் என்றால், ஆறு முதல் எட்டு வாரங்கள் வேறு உணவின்றி ஊட்டச்சத்துப் பானம் மட்டுமே கொடுத்து ஸ்டீராய்டைத் தவிர்க்க முயல்கிறோம்.

எங்களிடம் மிகுதியும் மறைக்கப்படுவது திருமணமும் மகப்பேறும்தான். கருவுற்றது தெரிந்ததும் அஞ்சி எல்லா மருந்துகளையும் நிறுத்திவிடும் பெண்கள் பலர். உண்மையில் நோய் கிளர்ந்தெழுவதே தாய்க்கும் சேய்க்கும் பெரிய கேடு. மெசலமின், அசத்தியோபிரின், இன்ஃப்ளிக்சிமாப் ஆகியவற்றைப் பெரும்பாலும் தொடரலாம். மெத்தோட்ரெக்சேட்டைக் கருவுறக் குறைந்தது மூன்று மாதங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும், டோஃபாசிடினிப்பும் கூடாது. ஆண்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. சல்ஃபசலசின் விந்தணுக்களின் எண்ணிக்கையைக் குறைக்கக்கூடும். மருந்தை மாற்றினால் சில மாதங்களில் அது மீண்டுவிடும். இதை அறியாமல் மனைவிக்கு மட்டும் பரிசோதனைமேல் பரிசோதனையாகச் செய்துகொண்டிருக்கும் குடும்பங்கள் உண்டு.

நலமாக உணரும்போதும் மலப் பரிசோதனை எதற்கு என்பது அடுத்த கேள்வி. குடற்சுவரில் அழற்சி இருந்தால் கால்புரோடெக்டின் என்னும் புரதம் மலத்தில் கூடும். வலி திரும்புவதற்கு முன்பே அது கூடலாம். 22 நாடுகளில் 244 குரோன் நோயாளர்களிடம் நடந்த ஆய்வு ஒன்றில், தொல்லையை மட்டும் கேட்டு மருந்தைக் கூட்டியபோது 30 விழுக்காட்டினருக்கே குடல் ஆறியிருந்தது. இத்தகைய அளவுகளையும் பார்த்துக் கூட்டியபோது 46 விழுக்காட்டினருக்கு ஆறியிருந்தது. உயிரியல் மருந்தின் பலன் குறையும்போது குருதியில் அதன் அளவையும் பார்க்கிறோம். அளவு குறைந்திருந்தால் கூட்டுவோம். போதிய அளவு இருந்தும் பயனில்லை எனில் வேறு வகைக்கு மாறுவோம்.

செலவையும் தொலைவையும் கூறத் தயங்க வேண்டா. மருந்து ஏற்றிக்கொள்ள ஒரு நாள் கூலியை இழந்து வருபவருக்கு, வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் அடலிமுமாப் ஏற்றதாகலாம். அதன் உயிரொப்பு மருந்துகள் இந்தியாவில் குறைந்த விலையில் கிடைக்கின்றன. இடையில் பணமின்றி நிறுத்தி மீண்டும் தொடங்கினால், உடல் அம்மருந்துக்கு எதிராகவே எதிர்ப்புப் புரதங்களை உருவாக்கிவிடக்கூடும்.

அடுத்த முறை வரும்போது பழைய அறிக்கைகளோடு, கடையில் வாங்கிய வலிமாத்திரைகள், நாட்டு மருந்துகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். சில வலிமாத்திரைகளே நோயைக் கிளப்பிவிடும். தவறவிட்ட மாத்திரைகளையும் மறைக்காமல் கூறுங்கள். நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம். வாரத்தில் மூன்று நாள் மட்டுமே உட்கொண்ட மெசலமினை, பலனளிக்காத மருந்து என்று நாங்கள் தவறாகக் குறித்துக்கொண்டு, தேவையே இல்லாத ஊசியை எழுதிவிடக்கூடும். மருத்துவரிடம் கூறக் கூச்சமாக இருந்தால், எடை பார்க்கும் செவிலியரிடம் கூறினாலும் போதும்; அவர் உங்கள் கோப்பில் குறித்துவைப்பார்.