சுவரில் உலவும் ஈப்புலி

ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறை போகிறவர்களில் பலர் இப்போது நீண்ட லென்ஸ் மாட்டிய கேமராவோடுதான் போகிறார்கள். சோலைமந்தி, இருவாச்சி, வரையாடு மூன்றையும் ஒரே பயணத்தில் காண வாய்ப்புள்ள மலை அது. ஊர் திரும்பியதும் படங்களைக் கணினியில் ஏற்றுகிறோம். கேமராவைத் துடைத்துப் பையில் வைக்கிறோம். அடுத்த விடுமுறை வரை அந்தப் பை திறப்பதில்லை. ஆனால், காட்டில் நாலு நாள் இலை அசைவையும் நிழலையும் கவனித்துப் பழகிய கண் அப்போதுதான் கூர்மையாக இருக்கிறது. அந்தக் கண்ணோடு வீட்டுச் சுவரைப் பாருங்கள். வால்பாறையில் கண்டதற்குச் சற்றும் குறையாத ஒரு வேட்டை விலங்கு அங்கே நடமாடுகிறது.

ஜன்னல் கட்டையிலும் கதவு நிலையிலும் வெயில் படும் காம்பவுண்டுச் சுவரிலும் விட்டுவிட்டு நடக்கும் குட்டிச் சிலந்திதான் அது. கொஞ்சம் நடக்கும், நிற்கும், சட்டென்று திரும்பி நம்மைப் பார்க்கும். தாவும் சிலந்தி என்பார்கள். ஈப்புலி என்ற பெயரும் தமிழில் உண்டு. வலை கட்டி இரைக்காகக் காத்திருக்கும் பழக்கம் இதற்கு இல்லை. ஈயைக் கண்டதும் பதுங்கி நெருங்கி, நின்ற இடத்தில் ஓர் இழையை ஒட்டிவிட்டுப் பாய்ந்து பிடிக்கும். குறி தப்பினாலும் அந்த இழை கீழே விழாமல் தாங்கிக்கொள்ளும். பாய்வதற்குத் தவளை போலப் பெரிய கால் தசைகள் இல்லை. உடம்புக்குள் இருக்கும் திரவத்தின் அழுத்தத்தைத் திடீரென்று கூட்டி, பின்கால்களை நீட்டிக்கொள்கிறது.

சிலந்திக் குடும்பங்களிலேயே பெரியது இதுதான்; உலகில் 6,000க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. வெப்ப நாடுகளில் மனிதர் குடியிருக்கும் இடங்களில் பரவிவிட்ட ஒன்று ஹசாரியஸ் அடான்சோனி. ஆண் கறுப்பாக இருக்கும். முகத்தில் சிவப்பு, வயிற்றின் மேல் வெள்ளைப் பிறை. நீளம் சுமார் 6 மி.மீ.

இந்த 6 மில்லிமீட்டரைப் படமெடுப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. 600 மி.மீ. லென்ஸால் 30 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் இருவாச்சியை எடுக்கும்போது, ஒரு மீட்டர் நீளப் பறவை சென்சாரில் சுமார் 2 செ.மீ. பிம்பமாக விழுகிறது. அசலில் ஐம்பதில் ஒரு பங்கு. அந்த விகிதத்தில் ஈப்புலியை எடுத்தால் ஒரு புள்ளிதான் மிஞ்சும். அதன் கண்ணைப் பார்க்க வேண்டுமானால், பிம்பம் அதன் உடம்பளவுக்காவது விழ வேண்டும். ஒன்றுக்கு ஒன்று என்ற இந்த அளவிலிருந்துதான் மேக்ரோ எனப்படும் அண்மைப் படக்கலை தொடங்குகிறது.

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. லென்ஸை சென்சாரிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கிறோமோ, அவ்வளவு அருகிலுள்ள பொருளை அது குவிக்கும். 50 மி.மீ. லென்ஸை வழக்கமான இடத்திலிருந்து இன்னும் 50 மி.மீ. முன்னால் தள்ளினால் ஒன்றுக்கு ஒன்று கிடைத்துவிடும். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டுகிற எக்ஸ்டென்ஷன் டியூப் இந்த வேலையைத்தான் செய்கிறது. அதற்குள் கண்ணாடி கிடையாது, வெறும் குழாய்.

இதைவிட மலிவான வழி லென்ஸைத் திருப்பி மாட்டுவது. சாதாரண லென்ஸின் முன்பக்கம் தூரத்துக் காட்சியையும், பின்பக்கம் சில சென்டிமீட்டரில் விழும் பிம்பத்தையும் நோக்கி வடிவமைக்கப்பட்டது. அதையே தலைகீழாக்கினால் அருகுக்கான பக்கம் சிலந்தியைப் பார்க்கும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ரிவர்ஸ் ரிங் ஒன்று போதும். அப்பர்ச்சர் வளையம் உள்ள பழைய பிலிம் காலத்து லென்ஸ் இதற்கு மிகப் பொருத்தம். இப்போதைய லென்ஸ்கள் பலவற்றில் அந்த வளையம் இல்லாததால், திருப்பியபின் ஒளி நுழையும் துளையைக் கட்டுப்படுத்துவது சிரமம். கேமரா இல்லாதவர்கள் செல்போனில் கவ்வி மாட்டும் மேக்ரோ லென்ஸில் தொடங்கலாம்.

நெருங்க நெருங்க இரண்டு தொல்லைகள் வரும். ஒன்று வெளிச்சம். ஒன்றுக்கு ஒன்று அளவில் சென்சாருக்கு வந்து சேரும் ஒளி நாலில் ஒரு பங்காகிவிடும். இன்னொன்று, படத்தில் தெளிவாக விழும் பகுதியின் ஆழம். முப்பது மீட்டர் தள்ளியிருந்த இருவாச்சிக்கு அது அரை மீட்டருக்கு மேல் இருந்தது. ஈப்புலிக்கோ அப்பர்ச்சரை எஃப் 8 அளவுக்குச் சுருக்கி வைத்தாலும் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. கண் தெளிந்தால் கால் மங்கும். மூச்சு விட்டாலே கண்ணும் மங்கும். கேமராவை முன்னும் பின்னும் மயிரிழை அசைத்து, கண் தெளியும் நொடியில் அழுத்த வேண்டும்.

நம்மை இப்படிப் படாதபாடு படுத்தும் இந்த மங்கலை வைத்துத்தான் ஈப்புலி பிழைக்கிறது. இதற்கு எட்டுக் கண்கள். பக்கங்களிலும் பின்னாலும் உள்ள ஆறும் அசைவைக் கவனிக்கும். நுட்பமாகப் பார்ப்பவை முகத்தின் நடுவே உள்ள இரண்டு பெரிய கண்கள். அவற்றின் லென்ஸ் தலையோட்டோடு ஒட்டியிருப்பதால் அசையாது. அதற்குப் பின்னால் நீண்ட குழாயும், குழாயின் கடைசியில் விழித்திரையும் இருக்கின்றன. கண்ணுக்கு ஆறு தசைகள் அந்தக் குழாயைத் திருப்புகின்றன. வெளிர்நிறச் சிலந்தியின் முகத்தை நெருங்கி எடுத்தால் இதை நேரிலேயே பார்க்கலாம். நம்மை நோக்கும்போது கண் கன்னங்கறுப்பாக இருக்கும். உள்ளே குழாய் வேறு பக்கம் திரும்பியதும் அதே கண் வெளுக்கும். இக்குடும்பத்தைச் சேர்ந்த போர்ஷியா என்ற சிலந்தியின் விழித்திரைக்கு முன்னுள்ள சிறு குழி, பிம்பத்தை இன்னும் பெரிதாக்குகிறது. நாம் தோளில் சுமந்து போகும் டெலிலென்ஸின் அமைப்பும் அதுவே.

விழித்திரை நாலு அடுக்கு கொண்டது. ஆழத்திலுள்ள இரண்டு அடுக்குகளும் பச்சை ஒளியை உணர்பவை. ஆனால், பச்சை ஒளி தெளிவாகக் குவிவது கடைசி அடுக்கில் மட்டும்தான்; அதற்கு முந்தைய அடுக்கில் எப்போதும் மங்கலாகவே விழும். அந்த மங்கல் எவ்வளவு என்பது பொருள் இருக்கும் தூரத்தைப் பொறுத்தது. இரண்டு பிம்பங்களையும் ஒப்பிட்டு ஈப்புலி தூரத்தைக் கணக்கிடுகிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் ஹசாரியஸ் அடான்சோனியை வைத்தே இதைச் சோதித்து 2012இல் வெளியிட்டார்கள். பச்சை வெளிச்சத்தில் குறி தப்பாமல் பாய்ந்த சிலந்திகள், சிவப்பு வெளிச்சத்தில் இரைக்கு முன்பாகவே விழுந்தன. சிவப்பு ஒளி வேறு ஆழத்தில் குவிவதால் மங்கலின் அளவு மாறி, தூரக் கணக்கு தவறிவிட்டது. ஒரு சிறு சிலந்தியின் கண்ணுக்குள் இவ்வளவு ஒளியியல் இருப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

படமெடுக்க பிளாஷ் அவசியம். குறைந்த சக்தியில் அது மின்னும் நேரம் மிகமிகக் குறைவு; கை நடுக்கம் படத்தில் தெரியாது. ஆனால் வெறும் பிளாஷ் சிலந்தியின் பளபளப்பான கண்ணில் வெள்ளைப் பொட்டாக விழும். முன்னால் டிரேசிங் தாளையோ மெல்லிய வெள்ளை பிளாஸ்டிக்கையோ வளைத்துக் கட்டினால் வெளிச்சம் மிருதுவாகும். மேலிருந்து எடுக்காதீர்கள். சுவரோடு கேமராவைச் சாய்த்து, அதன் முகத்துக்கு நேரே வாருங்கள். அசையாமல் இருக்க வேண்டுமென்று சிலந்தியைப் பிரிட்ஜில் வைத்து மரத்துப்போகச் செய்து எடுப்பவர்கள் உண்டு. அது கொடுமை, அப்படி எடுத்த படம் உயிரின் இயல்பையும் காட்டாது. ஓடினால் ஓடட்டும், நாளைக்கும் அதே ஜன்னலில் பார்க்க முடியும்.

வீட்டின் பெரிய லாபம் இந்த நாளைதான். சஃபாரி வண்டியில் ஒரு விலங்கு சில நிமிடம் நமக்குக் கிடைக்கும். அது அடுத்து என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள வழியில்லை. ஜன்னல் ஈப்புலி எந்த நேரத்தில் வெயில் காயும், எந்த மூலையில் பட்டுக் கூடு பின்னித் தூங்கும் என்பது ஒரே மாதத்தில் பிடிபட்டுவிடும். நல்ல இயற்கைப் படங்கள் இப்படிப்பட்ட பரிச்சயத்தில்தான் பிறக்கின்றன.

மா. கிருஷ்ணன் இதற்குச் சரியான சாட்சி. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே அமைத்த கருவிக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் வைத்து, காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். அவரே மயிலாப்பூரில் இருந்துகொண்டு, 1950 முதல் 1996இல் இறக்கும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் எழுதிய பத்தியில் காகத்துக்கும் அணிலுக்கும் இடம் கொடுத்தார்.

ஈப்புலியால் மனிதருக்கு எந்த ஆபத்தும் இல்லை. அது தின்பதெல்லாம் ஈயும் கொசுவும் போன்ற சிறு பூச்சிகளைத்தான். ஆகவே பண்டிகைக்கு ஒட்டடை அடிக்கும்போது ஜன்னல் மூலையில் உள்ள சின்னப் பட்டுக் கூட்டை மட்டும் விட்டுவிடுங்கள். அந்தப் பக்கம் பூச்சிமருந்து அடிக்க வேண்டாம்.