இரும்புத் தாதுவுக்குச் சோளமாவுக் கஞ்சி

பிரேசில் நாட்டின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் இரும்புத் தாதுச் சுரங்கங்கள் நிறைய உண்டு. அங்குள்ள ஆலைகளுக்குச் சோளமாவு மூட்டை மூட்டையாகப் போகிறது என்றால் நம்புவீர்களா, மாணவர்களே? சாப்பிட அல்ல. இரும்பை மணலிலிருந்து பிரிக்க!

இதைப் புரிந்துகொள்ள முதலில் குளுக்கோஸைப் பார்ப்போம். ஒரு குளுக்கோஸ் மூலக்கூற்றில் ஐந்து ஹைட்ராக்சில் குழுக்கள் உள்ளன. ஓர் ஆக்சிஜன் அணுவும் ஒரு ஹைட்ரஜன் அணுவும் சேர்ந்த சிறு கைகள் என்று இவற்றை வைத்துக்கொள்ளுங்கள். இரும்புத் தாதுவான ஹெமடைட் ஓர் இரும்பு ஆக்சைடு. துருவுக்கு நெருங்கிய உறவு. தண்ணீரில் போட்டால் அதன் மேற்பரப்பிலும் இதே ஹைட்ராக்சில் கைகள் முளைத்துவிடும். இரு பக்கக் கைகளும் ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றிக்கொள்கின்றன. இதுதான் பரப்புக் கவர்ச்சி. பஞ்சு நீரை உள்ளே இழுப்பது உறிஞ்சுதல். இங்கோ ஒட்டுவது மேல்தோலில் மட்டும். தேர்வில் பலர் இவ்விரண்டையும் குழப்பிவிடுகிறார்கள்.

ஆனால் ஒரு சிக்கல். நீர் மூலக்கூற்றுக்கும் இதே வித்தை தெரியும். குளுக்கோஸ் பிடித்த இடத்தைப் பிடிக்கச் சுற்றிலும் நீர் மூலக்கூறுகள் போட்டி போடுகின்றன. தனி ஆளான குளுக்கோஸ் விரைவில் பிடியை விட்டுவிடும்.

மாவுச்சத்து அப்படியல்ல. அது பல நூறு, பல ஆயிரம் குளுக்கோஸ்கள் கோத்த சங்கிலி. மரவட்டையின் ஒரு கால் வழுக்கினாலும் அது சுவரிலிருந்து விழுவதில்லை அல்லவா? ஒரு கண்ணி விட்டாலும் மற்றவை பிடித்துக்கொண்டிருக்கும். எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் விடுவது மிக அரிது. ஹைட்ரஜன் பிணைப்பு மட்டுமல்ல, மாவுச்சத்தின் ஆக்சிஜன் இரும்பு அணுவோடு நேரடியாகவும் பிணைகிறது என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

ஆலையில் நடப்பது இதுதான். ஹெமடைட்டும் குவார்ட்ஸ் மணலும் கலந்த பாறையைப் பொடியாக அரைத்து நீரில் கலக்குகிறார்கள். காஸ்டிக் சோடா சேர்த்துக் கஞ்சியாக்கிய மாவை ஊற்றுகிறார்கள். அது மணலைவிட ஹெமடைட்டின் மீதே அதிகம் ஒட்டி, நீரை விரும்பும் மேலாடையாகிறது. அடுத்து அமீன் என்ற வேதிப்பொருள். அதன் ஒரு முனை எதிர்மின்னூட்டம் கொண்ட மணலைப் பிடிக்கும்; எண்ணெய் போன்ற மறுமுனை நீரை வெறுக்கும். கீழிருந்து காற்றை ஊதினால் மணல் குமிழிகளில் தொற்றிக்கொண்டு நுரையாக மேலேறும். கஞ்சி ஆடை போட்ட ஹெமடைட்டைக் குமிழியால் பிடிக்க முடியாது. அது கீழேயே தங்கிவிடும்.

கஞ்சி இல்லாவிட்டால் அமீன் ஹெமடைட்டிலும் ஒட்டும். இரும்பும் கழிவு நுரையோடு போய்விடும். இது சின்ன விஷயமல்ல. சுரங்கக் கழிவு, அணைகளுக்குப் பின்னால் சேறாகத் தேக்கப்படுகிறது. 2019 ஜனவரியில் இதே மாநிலத்தின் புருமடின்யோவில் இரும்புத் தாதுக் கழிவைத் தேக்கிய அணை ஒன்று உடைந்து 270 பேர் மாண்டனர். கழிவோடு போகும் ஒவ்வொரு டன் இரும்பும் அந்தச் சேற்றைத்தான் பெருக்குகிறது.

சோளம் உணவுப் பொருளாயிற்றே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மரவள்ளிக்கிழங்கு மாவையும் ஆய்வாளர்கள் சோதித்திருக்கிறார்கள். அதுவும் ஹெமடைட்டில் ஒட்டுகிறது. அதே குளுக்கோஸ் சங்கிலிதானே!